அகலம் பத்தலை

உ
முருகன் துணை

திருப்பூர்
4-6-2024

அன்பு மாப்பிள்ளை பூபாலனுக்கு உன் தாய்மாமன் குமாரசாமி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை வேலாத்தாளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அந்த டெல்லிப் பக்கத்து வெயிலில் நீயும் உன் சம்சாரமும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவும்.

நாலு வருசமாகப் பேச்சில்லாமல் இருந்துவிட்டு மாமன் திடீரென்று கடிதாசி போடுகிறானே என்று யோசிப்பாய். போனில் பேசலாம் என்றால் என் காது உனக்குத் தெரியும். சோமனூரில் முப்பது வருசம் தறிக்குள் நின்ற காது. நீ ஹலோ சொன்னாலும் எனக்குத் தறி ஓடுகிற மாதிரிதான் கேட்கும்.

முதலில் என் சங்கதி. இப்போது ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறேன். என்னைக் கேட்காமல் ஒரு லாரி உள்ளே வர முடியாது, வெளியே போகவும் முடியாது. முதலாளி கார் வந்தாலும் நான் பார்த்துத் தலையசைத்தால்தான் நகரும். அவ்வளவு பொறுப்பு. வீடும் மாறிவிட்டோம். ஹால் மட்டுமே அறுபதடி நீளம். உன் அத்தை ஒரு கோடியில் இருந்தால் நான் மறு கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் காப்பி ஆறிவிடும்.

விசயத்துக்கு வருகிறேன். நீ விட்டுப்போன டிஜிட்டல் கேமரா பீரோவில்தான் இருக்கிறது. அத்தை ஓவர்டைம் பார்த்து வாங்கிக் கொடுத்தாளே, அதேதான். சார்ஜ் ஏறுகிறது, பட்டனை அமுக்கினால் கண்ணைத் திறக்கிறது. நாங்கள் எல்லாரும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி ஒரு போட்டோ எடுக்கலாம் என்று பார்த்தால் யாராவது ஒருத்தர் வெட்டுப்படுகிறோம். அத்தைதான் முதலில் கண்டுபிடித்தாள். தறிக் குடோனில் சத்தத்துக்குள் நாங்கள் கையால் பேசிக்கொள்வது உனக்கு நினைவிருக்கும். இரண்டு கையையும் முன்னால் நீட்டி விரித்தால் ‘அகலம் பத்தலை’ என்று அர்த்தம். துணி அகலம் குறைந்தால் அப்படித்தான் சொல்வோம். அதே மாதிரி கையை விரித்தாள். நான் பட்டென்று புரிந்துகொண்டேன்.

ஆகவே அகலமாகப் படம் பிடிக்கிற லென்ஸ் எது என்று எழுது. மாமன் காசுக்கு யோசிக்கிற ஆளில்லை. கம்பெனி விலாசத்துக்கே எழுது, என் கைக்கே நேராக வந்துவிடும்.

இப்படிக்கு
உன் பிரியமுள்ள மாமன்
எஸ். குமாரசாமி


குருகிராம்
19-6-2024

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நானும் சித்ரகலாவும் நலம். உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் பயந்துவிட்டேன். லென்ஸ் விஷயம் என்று தெரிந்ததும்தான் மூச்சு வந்தது.

அறுபதடி ஹால் என்றால் புது லென்ஸே தேவையில்லைங்க மாமா. கேமராவோடு வந்த லென்ஸில் 18 முதல் 55 வரை எண்கள் இருக்கும். வளையத்தை 18க்குத் திருப்பிவிட்டு, ஆட்கள் எல்லாரும் உள்ளே வரும்வரை பின்னால் நகர்ந்து போங்கள். அவ்வளவுதான். அறுபதடியில் ஐம்பது பேரை நிறுத்தலாம்.

நான் இங்கே ஆன்லைனில் விற்கும் கம்பெனிக்கு பனியன்களைப் படம் எடுக்கிறேன். ஒரு நாளைக்கு நூற்றைம்பது உருப்படி. காலர் லேபிளில் பாதிக்கு மேல் நம் ஊர் பெயர்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்
பூபாலன்


முருகன் துணை

திருப்பூர்
27-6-2024

அன்பு மாப்பிள்ளைக்கு மாமன் எழுதுவது. நானும் அத்தையும் கல்லுக் குண்டாட்டம் இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க சென்னிமலை முருகன் பார்த்துக்கொள்வான்.

பின்னால் நகரச் சொன்னாய். நகர்ந்தேன். இரண்டு எட்டு வைத்தேன், பீரோ முதுகில் இடித்தது. பீரோவைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய் இன்னொரு எட்டு வைத்தேன். பக்கத்து வீட்டு அபிராமி பாத்திரம் கழுவி அடுக்கியிருந்த போவணிக்குள் என் வலது கால் போய்விட்டது.

“ஏனுங்ணா, போட்டோ எடுக்கறீங்களா, எம்பட ஏனத்தை நசுக்கறீங்களா?” என்று அவள் கேட்டதாக அவள் வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நானும் விடவில்லை. “அம்மிணி, டெல்லியில இருந்து ஆர்டர் வந்திருக்குது. இன்னும் பத்தடி பின்னால போகோணும், உன்ற ஊட்டுச் செவுத்தைக் கொஞ்சம் தள்ளி வெய்யி” என்றேன். சிரித்துவிட்டு அவளே போவணியைத் தட்டி நிமிர்த்திக்கொண்டாள்.

அறுபதடி ஹாலில் இது எப்படி என்று கேட்காதே. சோபா, டைனிங் டேபிள், ஷோகேஸ் என்று சாமான் அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

அபிராமி தன் போனிலும் ஒன்று எடுத்துப் பார்த்தாள். அகலமாகத்தான் வந்தது. ஆனால் ஓரத்தில் இருந்த உன் அத்தையின் முகம், துவைத்த பனியனை இரண்டு பேர் பிடித்து இழுத்த மாதிரி நீண்டுவிட்டது. அதைப் போய்க் கண்ணாடி போட்டு மாட்ட முடியுமா?

நான் யோசித்தேன். கம்பெனியில் நிட்டிங் மெஷின்களைத் தினமும் பார்க்கிறவன் நான். 18 டயா மெஷினில் சின்னப் பிள்ளை பனியனுக்குத் துணி இறங்கும். 30 டயாவில் பெரிய ஆளுக்கு இறங்கும். எண் ஏற ஏறத் துணி அகலம். இந்தக் கணக்கு உங்கள் டெல்லிக்காரர்களுக்குத் தெரியாது. 18லேயே முக்கால்வாசி விழுகிறது என்றால் பெரிய எண்ணில் முழுசும் விழுந்துதானே ஆக வேண்டும்? பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் 55-250 என்று ஒன்று இருக்கிறது. தெருவையே சுருட்டி உள்ளே போட்டுவிடும் போலிருக்கிறது. நீ சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

கையை விரித்துக் காட்டுவதை அத்தை நிறுத்தவே இல்லை. “எழுதிட்டேன், வந்துரும்” என்று தினமும் சத்தமாகச் சொல்கிறேன். தலையை ஆட்டிக்கொள்கிறாள்.

இப்படிக்கு
உன் மாமன்
எஸ். குமாரசாமி


குருகிராம்
30-7-2024

அன்புள்ள மாமாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். ஆடித் தள்ளுபடிக்கான வேலை, ஒரு மாதம் கோடவுனிலேயே கிடந்தோம். உங்கள் கடிதம் மேஜை டிராயரில் இருந்துவிட்டது.

55-250 வாங்காதீர்கள். நிட்டிங் மெஷினுக்கு நேர் எதிர்க் கணக்கு இது. எண் குறையக் குறையத்தான் அகலம். எண் ஏறினால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரும், சுற்றியிருப்பது எல்லாம் போய்விடும். உங்களுக்கு வேண்டியது 10ல் தொடங்குகிற லென்ஸ். 10-18 என்று கிடைக்கும், 10-20 என்றும் கிடைக்கும். 18க்கும் 10க்கும் எட்டுத்தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். ஒரு சின்ன அறையில் அந்த எட்டு, சுவரைத் தள்ளி வைத்த மாதிரி. ஆனால் உங்கள் ஹாலுக்கு அது ஏன் என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

சித்ரகலா விசாரித்ததாக எழுதச் சொன்னாள். எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
பூபாலன்


முருகன் துணை

திருப்பூர்
8-8-2024

அன்பு மாப்பிள்ளைக்கு மாமன் எழுதிக்கொண்டது. உன் கடிதம் வந்து சேர்ந்தது. என்ன, அது வருவதற்கு மூன்று வாரம் முன்பே 55-250 வந்துவிட்டது.

வருத்தப்படாதே. அதிலும் ஒரு லாபம் பார்த்துவிட்டேன். லென்ஸை மாட்டி வாசலில் நின்று பார்த்தேன். அத்தை காதுத் தோடு தெரிந்தது. தோடு மட்டும்தான் தெரிந்தது. ஒற்றைக் கல், ஆனால் சோற்றுத் தட்டம் அகலத்துக்கு நின்றது. இத்தனை வருசத்தில் அந்தக் கல்லில் ஒரு கீறல் இருப்பதை நான் பார்த்ததே இல்லை. “வேலாத்தா, உன் தோட்டை ஏமாத்திக் குடுத்துட்டான் அந்த ஆசாரி!” என்று கத்தினேன். தெருவே கேட்டிருக்கும். அவள் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

அப்படியே கொஞ்சம் இறக்கினால் கை தெரிந்தது. நகம் எல்லாம் நீலம். ஒன்றுமில்லை, சாயப்பட்டறைச் சாயம். வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகளுக்குக் கையில் கலர் ஒட்டுவது சகஜந்தானே. லென்ஸ் பரவாயில்லை, பொய் சொல்லாமல் காட்டுகிறது.

ஸ்டுடியோக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். “ஏனுங்க பெரியவரே, அகலம் வேணும்னு சொல்லீட்டு தூரத்துக்கு எடுக்கற டெலி லென்ஸ் வாங்கீட்டுப் போனீங்களே” என்று சிரித்தார். “தெரிஞ்சுதாங்க வாங்குனேன், தரம் பாக்கறதுக்கு” என்றேன். நம் குடும்பத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா.

நீ சொன்ன 10ல் தொடங்குவது இங்கே யாரிடமும் இல்லை. அங்கே கிடைத்தால் வாங்கி அனுப்பு. சீக்கிரம் அனுப்பினால் நல்லது. அவசரம் ஒன்றுமில்லை, ஆனாலும் சீக்கிரம்.

இப்படிக்கு
மாமன்


குருகிராம்
20-8-2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா என்று வழக்கமாகக் கேட்கிற மாதிரி கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

அத்தை எப்போது சாயப்பட்டறைக்குப் போனார்கள்? தறியை விட்டால் பனியன் கம்பெனித் தையல், அவ்வளவுதானே? அவர்களுடைய பழைய நம்பருக்கு மூன்று நாளாகப் போடுகிறேன், அணைந்தே இருக்கிறது. உங்கள் வீட்டு விலாசமும் என்னிடம் இல்லை.

லென்ஸ் வாங்கித் தருகிறேன். அதற்கு முன்னால் டேப் எடுத்து அளந்து எழுதுங்கள். கேமரா எங்கே இருக்கும், அத்தை எங்கே, நீங்கள் எங்கே, படத்தில் வேறு என்னவெல்லாம் வர வேண்டும், நடுவில் எத்தனை அடி. மனிதர்களிடம் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் மாமா. லென்ஸுக்கு அடிக்கணக்கு சரியாக வேண்டும். நீங்கள் அறுபது என்று எழுதியதால்தான் நான் இரண்டு மாதம் தப்பான யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தை என்னோடு ஏன் பேசுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். சர்ச்சில் கல்யாணம் செய்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அளவை மட்டும் எழுதுங்கள்.

என் போன் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். யாரிடமாவது கொடுத்துப் பேசச் சொல்லுங்கள்.

அன்புடன்
பூபாலன்


முருகன் துணை

திருப்பூர்
9-9-2024

அன்பு மாப்பிள்ளைக்கு மாமன் எழுதுவது. நாங்கள் இருவரும் இருக்கிறோம்.

அத்தையின் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். நீளம் ஒன்பதரை அடி. அகலம் எட்டு. அறுபது என்று எப்படி எழுதினேன் என்று கேட்டால், லைன் வீடு ஆறையும் சேர்த்து அளந்தால் அறுபது வரும். ஒரே காம்பவுண்டு, ஒரே கூரை, அதில் ஒன்று நம்முடையது. ஆகவே அது பொய்யில் சேராது.

கட்டில் கிழக்குச் சுவரோரம். அத்தை அதில்தான். அவள் இறங்கி வர முடியாது, ஏனென்றால் பக்கத்தில் ஒரு மெஷின் வைத்திருக்கிறோம். வெள்ளை நிறம், சூட்கேஸ் உயரம், சக்கரம் வைத்தது. சுத்தமான காற்றைத் தயாரித்துக் கொடுக்கும். இந்தக் காம்பவுண்டிலேயே நம் வீட்டில்தான் இருக்கிறது, பெரிய பணக்காரர் வீடுகளில்தான் பார்க்கலாம். அதன் குழாய் நாலடி. குழாய் முனையில் ஒரு மூடி, அது அத்தை மூக்கையும் வாயையும் மூடியிருக்கும். பஞ்சுத் தூசு நெஞ்சில் படிந்துவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். டாக்டர்கள் கூட்டித்தான் சொல்வார்கள். கரண்டு போனால் அபிராமி விசிறிக்கொண்டே ஓடி வருவாள். நல்ல பெண்.

நான் கட்டில் தலைமாட்டில் நிற்பேன். கேமராவை பீரோ மேல் வைத்துத் தானாக எடுக்கிற மாதிரி செய்துவிடுவேன். எதிர்ச் சுவரில் உங்கள் கல்யாணப் போட்டோ ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறது. அதுவும் படத்தில் விழ வேண்டும். நாங்கள் இரண்டு பேர், ஃப்ரேமுக்குள் நீங்கள் இரண்டு பேர். எல்லாரும் என்று நான் எழுதியது இதைத்தான்.

நீ சர்ச் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் இப்போது சொல்லவேண்டி வந்துவிட்டது. டேனியல் சம்பந்தி வீட்டில் உன் அத்தை இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தாள், கோபம் என்றால் குடிப்பாளா? நீ கூரியரில் அனுப்பிய அந்த போட்டோவைப் பிரித்த அன்றைக்குத்தான் வாயை மூடினாள். குண்டடத்தில் அவர்கள் வீட்டு வாசலில் பதினேழு பேர் நிற்கிறோம். பதினாறு முகம் இருக்கிறது. இடது கோடியில் ஒரு கை மட்டும் இருக்கிறது, பச்சை வளையல் போட்ட கை. அது உன் அத்தை. ஃப்ரேம் போட்டு மாட்டியதும் அவள்தான், அதைத் தினமும் துடைத்ததும் அவள்தான். ஆனால் உன் போனை எடுக்கவில்லை.

இப்போதும் அந்த ஃப்ரேமைக் காட்டித்தான் கையை விரிக்கிறாள். அகலம் பத்தலை என்கிறாள். நியாயம்தானே மாப்பிள்ளை? வளர்த்தவளுக்கு ஒரு கை அளவு இடம்தானா?

இதை எழுதியதற்கு வருத்தப்படாதே. 10ல் தொடங்குவது வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

இப்படிக்கு
மாமன்


குருகிராம்
18-9-2024

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைச் சித்ரகலாவுக்குப் படித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் அவள்தான் படித்தாள்.

அந்தப் படம் எடுத்தவன் என் நண்பன். அன்று அவனிடம் 50 என்று ஒரே ஒரு லென்ஸ்தான் இருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, நகர இடமில்லை. ஐந்து படம் எடுத்தான். நேற்று எல்லாவற்றையும் தேடி எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது படத்தில் அத்தை முழுசாக இருக்கிறார்கள், சிரிக்கிறார்கள். அதில் சித்ரகலா கண்ணை மூடியிருந்தாள். அதனால் நான் நாலாவதைத் தேர்ந்தெடுத்தேன். கண் திறந்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன் மாமா. ஓரத்தில் யார் போய்விட்டார்கள் என்று பார்க்கவில்லை. பனியனில் நூல் பிசிறு நின்றால் கண்டுபிடிக்கிறவன் நான்.

மூன்றாவது படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுவிட்டேன். 10-18 லென்ஸும் வாங்கிவிட்டேன். தபாலில் அனுப்பவில்லை, நானே கொண்டு வருகிறேன். விற்பனைத் திருவிழா முடியாமல் லீவு இல்லை என்கிறார்கள். 29ஆம் தேதி ரயிலில் இருவரும் ஏறுகிறோம், அக்டோபர் ஒன்றாம் தேதி அங்கே இருப்போம்.

அகல லென்ஸில் ஓரத்தில் இருப்பவர்கள்தான் இழுபடுவார்கள். அத்தையை நடுவில் வைத்து எடுக்கிறேன். நாம் எல்லோரும் ஓரத்தில் நிற்போம், இழுபட்டால் இழுபடட்டும். இதை அப்படியே அத்தையிடம் சொல்லுங்கள். கடிதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். நடுவில்தான் என்று சொல்லுங்கள்.

அந்த மெஷின் என்ன மெஷின் என்று எனக்குத் தெரியும் மாமா. நீங்கள் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம்.

உங்கள்
பூபாலன்


முருகன் துணை

திருப்பூர்
20-10-2024

அன்பு மாப்பிள்ளைக்கு மாமன் எழுதுவது. நீயும் மருமகளும் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். காரியம் முடிகிறவரை இருந்து எல்லாவற்றையும் பார்த்துச் செய்தாய். சம்பந்தி டேனியல் குண்டடத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் கூட்டி வந்ததை இங்கே இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

வாசலில் கட்டிய ஃபிளெக்ஸை இன்னும் அவிழ்க்கவில்லை. ஆதார் கார்டு படத்தைப் பெரிசு பண்ணியதில் அத்தை யாரையோ முறைக்கிற மாதிரி இருக்கிறாள். நீ ஏரோப்ளேனில் வந்து இறங்குவதற்குள் அடித்துவிட்டார்கள், இல்லாவிட்டால் உன் மூன்றாவது படத்தையே போட்டிருக்கலாம்.

நீ வைத்துவிட்டுப் போன லென்ஸை மாட்டிப் பார்த்தேன். அற்புதமான சாமான். நாலு சுவரும் விழுகிறது, கூரையும் விழுகிறது. அப்புறம் பழைய லென்ஸையும் மாட்டிப் பார்த்தேன். அதிலேயும் எல்லாம் விழுகிறது. கட்டிலைக் கழற்றிவிட்டோம், மெஷினை எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது பின்னால் போக நிறைய இடம் இருக்கிறது.

நீ அழுதுகொண்டே போனாய். மறுபடியும் சொல்கிறேன், மனதைப் போட்டு உழப்பாதே. உன் கடைசிக் கடிதத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி படித்தேன். “நடுவுலயா நிக்க வெக்கறேங்கறான்? அவனுக்குக் கோளாறுதான் போ” என்று சொல்லிச் சிரித்தாள். என் காதால் கேட்டேன். அந்தச் சந்தோசத்தோடுதான் போனாள்.

இப்படிக்கு
மாமன்


குருகிராம்
5-11-2024

அன்புள்ள மாமாவுக்கு,

சாப்பிடுகிறீர்களா? அபிராமி அக்காவிடம் தினமும் போனில் கேட்டுக்கொள்கிறேன்.

ஊருக்குக் கிளம்பிய அன்று உங்கள் கம்பெனி கேட்டுக்குப் போனேன். நீங்கள் வேலை செய்கிற இடத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும் போலிருந்தது. உங்கள் நாற்காலியில் வேறொரு வாட்ச்மேன் இருந்தார். பெருமாள்சாமி என்று பெயர் சொன்னார். நீங்கள் செப்டம்பர் இருபதாம் தேதியிலிருந்து லீவு என்றும், இந்தத் தபால் இருபத்துமூன்றாம் தேதி வந்தது என்றும் சொல்லி என் கடிதத்தை என்னிடமே கொடுத்தார். பிரிக்காமல் அப்படியே இருந்தது. இப்போது என் பையில் இருக்கிறது. அத்தை போனது இருபத்தாறு.

நடுவில் வைக்கிறேன் என்பது நான் பந்தலில் அழுதபோது சொன்னது. அதை எடுத்து நீங்கள் அத்தை வாயில் வைத்துவிட்டீர்கள். உங்களுக்குக் காது கேட்காதே மாமா. மூடியிருந்த வாயிலிருந்து எப்படிக் கேட்டீர்கள்?

நான் கோபமாக எழுதவில்லை. என் அம்மா போனபின் எனக்கு அவர்கள்தான். கடைசியில் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரிந்தால் போதும். எதையும் சேர்க்காமல் எழுதுங்கள்.

பூபாலன்


திருப்பூர்
17-11-2024

மாப்பிள்ளைக்கு,

சாப்பிடுகிறேன். அபிராமி கொண்டுவந்து வைக்கிறாள்.

நான் வாட்ச்மேன்தான். அதை நீ பார்த்துவிட்டாய். கேட்டில் உட்கார்ந்து கடிதம் எழுதினால் மேனேஜர் எழுதுகிற மாதிரி எனக்கே தோன்றும். வீட்டு விலாசம் கொடுத்தால் லைன் வீடு என்று தெரிந்துவிடும் என்றுதான் கம்பெனி விலாசம் கொடுத்தேன். கொடுத்திருந்தால் உன் கடிதம் இருபத்துமூன்றாம் தேதி அவளிடம் வந்திருக்கும்.

கடைசியில் என்ன சொன்னாள் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. போன மாசியில் அந்த மூடியைப் போட்டார்கள். அதுவரை அவள் உதட்டைப் பார்த்துத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவள் பேசினால் மூடிக்குள் ஆவி கட்டி உதட்டை மறைத்துவிடும், அதை வைத்துப் பேசுகிறாள் என்று தெரிந்துகொள்வேன். என்ன என்று தெரியாது. எழுதிக் காட்ட அவளுக்கு எழுத்துத் தெரியாது. தறிக்குடோன் கை பாஷை மட்டும்தான் மிச்சம்.

வைகாசியில் ஒரு நாள் உங்கள் ஃப்ரேமைக் காட்டிவிட்டு இரண்டு கையையும் நீட்டி விரித்தாள். அகலம் பத்தலை என்று எடுத்துக்கொண்டேன். போட்டோவில் வெட்டுப்பட்ட கைதான் எனக்கு நினைவில் வந்தது. அன்றைக்கு ராத்திரி டியூட்டியில் உனக்கு முதல் கடிதம் எழுதினேன். “எழுதிட்டேன், வந்துரும்” என்று சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. ஊரில் ஒருத்தருக்கும் புரியாதது எனக்குப் புரிகிறது என்று எனக்கு அவ்வளவு பெருமை.

உன் கடிதம் வந்தபிறகு நேற்று அபிராமியை உட்காரவைத்துக் கேட்டேன். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். “வேலாத்தா மூடிக்குள்ள பேசுவாளே, உனக்கு ஏதாவது கேட்டுச்சா அம்மிணி?” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடி மெதுவாக வாயசைத்துச் சொன்னாள்.

“ஏனுங்ணா, உங்களுக்குத் தெரியாதுங்களா? ‘என்ற பையனைக் கூப்புடச் சொல்லு, என்ற பையனைக் கூப்புடச் சொல்லு’ன்னு ஒரே பேச்சுங்க. கையை நீட்டி நீட்டிக் கூப்புடுமுங்களே அக்கா. நீங்களும் எழுதிட்டேன், வந்துரும், வந்துரும்னு சொன்னீங்க. சரி, புள்ளை வந்துருமாட்ட இருக்குதுன்னு நாங்களும் இருந்துட்டமுங்க.”

அவள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொள்ள வா என்று கூப்பிடுகிற மாதிரி. அதைத் தறியில் நின்றவன் ஒருவனைத் தவிர வேறு யார் பார்த்தாலும் கூப்பிடுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த போட்டோவுக்காகத்தான் உன்னோடு பேசவில்லை என்று எழுதினேனே, அதுவும் நானாக நினைத்துக்கொண்டதுதான். என்னிடம் அவள் அப்படிச் சொன்னதில்லை. சர்ச்சுக்காகவா, போட்டோவுக்காகவா, நான் கேட்கவே இல்லை.

ஆடி முடிந்ததும் கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லிக் கை காட்டினாள். காற்றுக்காக என்று நினைத்துத் திருப்பிப் போட்டேன். தலை சுவர்ப் பக்கம், முகம் வாசல் பக்கம். நான் வந்துரும் வந்துரும் என்று சொல்லச் சொல்ல அவள் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். லென்ஸ் வருகிறதா என்று யாராவது வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்களா மாப்பிள்ளை? இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

எதையும் சேர்க்கவில்லை. இதுதான் நடந்தது. இனிமேல் கடிதம் போட்டால் வீட்டுக்கே போடு. விலாசம் கீழே எழுதியிருக்கிறேன்.

குமாரசாமி
லைன் வீடு, கதவு எண் 5
அனுப்பர்பாளையம், திருப்பூர்